புகைப்படக் கழகம், சுங்கை சிப்புட்: 2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வீட்டுக்கே அனுப்பப்படும். சந்தா பாக்கிச் சீட்டும் கூடவே வரும்.

சென்ற பொதுக்கூட்ட விவரங்கள் 60 நாள் கெடுவுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பப்பட்டன. பொங்கல் படப்போட்டி நடந்தது. தீபாவளி விருந்தும் நடந்தது. அதற்கு மட்டும் எல்லாரும் வந்திருந்தார்கள்.

இனி படம் கழுவும் இருட்டறை. ரப்பர் தோட்டத்துப் பழைய லயத்து (தொழிலாளர் வரிசை) வீட்டின் குசினி நமக்குக் கிடைத்தது முதல், கழுவும் தொட்டிக்கு என்ன செய்வது என்பதே பேச்சு. துருப்பிடிக்காத எஃகில் விலை கேட்டோம், கேட்டதோடு சரி. ரப்பர் பால் உறைய வைத்த அலுமினியத் தட்டுகள் சும்மா கிடக்கின்றனவே என்றார் செயற்குழுவில் ஒருவர். படத்தைத் தோன்றச் செய்யும் டெவலப்பர் கரைசலில் காரம் உண்டு, அலுமினியத்தை அரித்துவிடும் என்று மறுத்தேன். 'செயலாளர் ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பில் எழுதச் சொன்னார்கள். குறிப்பு எழுதுபவன் நான் என்பதால் அது அதில் இல்லை.

ஆகவே 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் தொட்டி செய்தோம். 'செய்தோம்' என்பது மரியாதைக்கு. அறுக்கத் தச்சர் இருந்தார், பூச நான் இருந்தேன். பலகையின் அறுத்த விளிம்புதான் முதலில் நீரைக் குடிக்கும் என்பதால் அங்கே கூடுதல் பூச்சு. உள்மூலைகளில் எப்போக்சியுடன் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) மரத்தூளைக் குழைத்து வளைவாக வழித்து, அதன்மேல் கண்ணாடி நார்த்துணியை ஒட்டினோம். நம் ஊர் வெக்கைக்கு எப்போக்சி டப்பாவிலேயே கொதித்து இறுகிவிடும். சிறிது சிறிதாகக் கலந்து அகலத் தட்டில் ஊற்றினால்தான் பூச நேரம் கிடைக்கும். அடிப்பலகை வடிகாலை நோக்கிச் சாய்வு. நீர் நிரப்பி இரவு முழுதும் விட்டோம். அடியில் விரித்த செய்தித்தாள் காலையில் மொரமொரப்பாகவே இருந்தது.

தொட்டி ஏன் இவ்வளவு ஆழம் என்று கேட்டவர்களுக்கு: டெவலப்பருக்கு 20 டிகிரி செல்சியஸ் வேண்டும், நம் குழாய்த் தண்ணீர் அதைவிடச் சூடு. ஐஸ் போட்ட நீரில் தட்டுகளை நிறுத்துகிறோம். தட்டுகளும் அதே பிளைவுட், அதே பூச்சு. டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலம் இரண்டாவது தட்டில். அதன் காடி வாடை எழுந்ததும், ரப்பர் பால்வெட்டில் ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர், "பால் கொட்டகைக்குள் வந்த மாதிரி இருக்கிறது" என்றார். படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்சர் கரைசலைப் பயன்படுத்திய பின் அதில் வெள்ளி கரைந்திருப்பதால் அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. தற்போது அது கலன்களில் என் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது.

வரவும் செலவும் ஏறத்தாழ நேராக உள்ளன. பொருளாளர் வாசிக்கும் 'இதர செலவு' பெரும்பாலும் எப்போக்சிதான். சந்தா கட்டாதோர் கட்டியோரைவிட அதிகம். ஐஸ் வாங்கிய காசு யாருடையது என்பதை நான் சொல்லப்போவதில்லை. தச்சருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் தேநீர் தந்த மகளிருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு கதவுக்குக் கறுப்புத் திரையும், தொட்டிக்கு மறுபூச்சும் வேண்டும். இனிப் பொறுப்பு ஏற்பதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஆயினும், எப்போக்சி கலக்கத் தெரிந்தவர் வேறு எவரும் இல்லாத நிலையில் கூட்டம் வற்புறுத்தினால் யோசிப்பேன். வற்புறுத்த விரும்புவோர், தேநீர் இடைவேளைக்குள் பாக்கிச் சந்தாவைக் கட்டிவிட்டு வற்புறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்