எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் சொல்லுங்கள்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளிலும் யூடியூப் சேனல்களிலும் தலைப்பு எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, மொட்டை மாடியில் விரித்த பாயைச் சுருட்டிக்கொண்டு என் அத்தை கீழே இறங்கி வந்துவிட்டார். புழுக்கம் தாங்காமல் பங்குனியிலேயே மாடி ஏறுகிறவர் அவர். என்னவென்று கேட்டால், "கல்லு விழப்போகுதாம்டா, போன்ல சொன்னான்" என்றார். வாங்கிப் பார்த்தேன். "பூமியை நோக்கிப் பாயும் ராட்சத விண்கல்! இன்று இரவு என்ன நடக்கும்?" என்று சிவப்பு எழுத்து, பின்னால் இடி முழக்கம், கடலுக்குள் விழும் நெருப்புப் பந்து. ஏழு நிமிட வீடியோவில் ஆறாவது நிமிடத்தில்தான் தூரத்தைச் சொன்னார்கள்: 40 லட்சம் கிலோமீட்டர். நிலா இருப்பது சுமார் 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டரில். நிலாவைவிடப் பத்து மடங்கு தள்ளிப் போகிற கல்லுக்காக அத்தை விடிய விடிய வியர்வையில் கிடந்தார். (கல் விழுந்தால் கீழ்வீடு மட்டும் தாங்குமா என்று நானும் கேட்கவில்லை.)

"ஆபத்தான சிறுகோள் என்று நாசாவே சொல்கிறதே" என்பீர்கள். சொல்கிறது, சரி. சுமார் 140 மீட்டருக்கு மேல் இருக்கும் ஒரு பாறையின் பாதை, பூமியின் பாதையிலிருந்து 75 லட்சம் கிலோமீட்டருக்குள் வந்தால் அது அந்தப் பட்டியலில் ஏறிவிடும். தொடர்ந்து கவனிக்க வேண்டியவை என்பதற்கான பட்டியல் அது. அதில் பெயர் இருப்பதாலேயே மோதப்போகிறது என்று ஆகிவிடாது.

2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் நினைவிருக்கும். சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி 2024 டிசம்பர் 27 அன்று கண்டுபிடித்தது, ஏறக்குறைய 60 மீட்டர். 2032 டிசம்பர் 22 அன்று மோத 1 சதவீத வாய்ப்பு என்றார்கள், அடுத்த பிப்ரவரி 18 அன்று அது 3.1 சதவீதமாக ஏறியது. விழக்கூடிய இடங்களின் பட்டை பசிபிக் கடலில் தொடங்கி ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாக நம் பக்கம்வரை நீண்டதால் மும்பை, கொல்கத்தா பெயர்களெல்லாம் அடிபட்டன. "வாய்ப்பு அதிகரிப்பு" என்று ஒவ்வொரு நாளும் போட்டீர்கள். பிப்ரவரி முடிவதற்குள் அது கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்ததை, நான் பார்த்த வரை, ஓரமாக ஓடும் எழுத்தில்தான் சொன்னீர்கள்.

அது ஏன் ஏறி இறங்கியது என்பதுதான் சொல்லியிருக்க வேண்டிய கதை. கம்மல் திருகாணி விழுந்துவிட்டது என்று வையுங்கள். கூடத்தில் விழுந்ததா, சமையலறையிலா, வாசலிலா, தெருவிலா தெரியாது. கூடத்தைக் கூட்டிப் பார்த்து இல்லை என்றால், சமையலறையில் இருக்கும் வாய்ப்பு ஏறும். வாசலிலும் இல்லை என்றால் இன்னும் ஏறும். திருகாணி நகரவே இல்லை, தேட வேண்டிய இடம்தான் சுருங்குகிறது. கடைசியில் சமையலறையையும் கூட்டினால், ஒன்று கிடைக்கும், இல்லையென்றால் வாய்ப்பு ஒரே அடியாகப் பூஜ்யம். சிறுகோள் கணக்கும் இப்படித்தான்: கவனிக்கக் கவனிக்க அது போகக்கூடிய பாதைகள் சுருங்கும், பூமி அதற்குள் இருக்கும்வரை எண் ஏறும், பூமி வெளியே போனதும் பூஜ்யம். அடுத்த கல்லுக்கும் எண் முதலில் ஏறக்கூடும். ஏறும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. புயல் வந்தால் எத்தனை கிலோமீட்டர் தொலைவில், எந்தத் திசையில், எப்போது கரையைக் கடக்கும் என்று எவ்வளவு பொறுப்பாகச் சொல்கிறீர்கள்! அப்போது உங்கள் நிருபர்கள் மைக்கோடு நிற்கும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகம்தான் பழைய மெட்ராஸ் வானாய்வகம் இருந்த இடம். 1861இல் அங்கிருந்து போக்சன் என்பவர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, அதற்கு ஏசியா என்றே பெயர் வைத்தார். அந்த வாசலில் நின்று ஒரு செய்தித் தொகுப்பு செய்யக் கூடாதா?

பயப்படவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்த கல் சுமார் 20 மீட்டர்தான். சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கியிலும் சிக்கவில்லை. வெளிச்சத்தைப் பார்த்த ஜனங்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். மின்னலுக்குப் பின்னால் இடி வருவது போல, அதிர்வலை ஒரு நிமிடத்துக்கும் மேல் கழித்து வந்து கண்ணாடிகளை நொறுக்கியது. காயம்பட்ட சுமார் 1,500 பேரில் பெரும்பாலானோரைக் கிழித்தது அந்தக் கண்ணாடிதான். ஒரு பள்ளியில் நாலாம் வகுப்பு ஆசிரியை பிள்ளைகளை மேசைக்கு அடியில் போகச் சொன்னார். பிள்ளைகள் தப்பினார்கள், அவர் கையில்தான் வெட்டு விழுந்தது. வானத்தில் பளீரென்று வெடித்தால் ஜன்னல் பக்கம் போகாதே: பத்து விநாடியில் சொல்லிவிடலாம், ஒரு உயிருக்காவது உதவும். இடி முழக்கம் போடும் நேரத்தில் இதைப் போடுங்கள்.

இப்போது இதை எழுதக் காரணம் அபோபிஸ் என்ற சிறுகோள். 2004 டிசம்பரில், 2029இல் மோத 2.7 சதவீத வாய்ப்பு என்று பயமுறுத்திய அதே கல்தான். சில நாட்களிலேயே அந்த பயம் போனது. 2021இல் ரேடாரில் அளந்த பிறகு, அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மோதாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நிஜமாகவே பக்கத்தில் வரும். சுமார் 340 மீட்டர் பாறை, தரையிலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீட்டரில். உங்கள் சேனலை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் செயற்கைக்கோள்கள் இருப்பது 36,000இல். அதற்கும் கீழே!

மிக நெருங்கும் நேரம் நம் கணக்கில் 2029 ஏப்ரல் 14, விடியற்காலை சுமார் மூன்றேகால். சித்திரை முதல் நாள். கனி காண எழும் வீடுகளில் அலாரம் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால். புத்தாண்டு ராசிபலனோடு அபோபிஸ் பலனையும் சேர்த்துச் சொல்ல யாராவது உங்கள் அரங்குக்கு வருவார், தெரியும். அவரை உட்கார வையுங்கள், வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள். பக்கத்து நாற்காலியில் வானியல் படித்த ஒருவரையும் உட்கார வையுங்கள். தூரத்தைத் தலைப்பிலேயே போடுங்கள்.

அன்றைக்கு மாடியில்தான் படுப்பேன் என்று அத்தை சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
அவருடைய மருமகன்