பரிசலை விடாதே என்ற மாமாவுக்கும் மற்றவர்களுக்கும்

பென்னாகரம், ஒகேனக்கல் சொந்தங்களுக்கு வணக்கம்.

போன மாதம் ராமேஸ்வரத்தில் கைட்போர்டிங் (பெரிய பட்டம் ஒன்று காற்றில் இழுக்க, பலகைமேல் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு) போனபோது எனக்கு நடந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களாம். சுறா துரத்தியது என்றுகூட ஒரு கதை. சுறாவும் இல்லை, ஒன்றும் இல்லை. காற்று விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

மாலை நாலரை மணி. கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் இருக்கும். காற்று பாதியாகக் குறைந்து பட்டம் தண்ணீரில் விழுந்தது. திருப்பும் கயிறு ஒன்று கைப்பிடிக் கம்பியின் முனையில் சிக்கிக்கொண்டதால் மறுபடி எழுப்ப முடியவில்லை. பலகையும் கைவிட்டுப் போய்விட்டது. கரை கண்ணுக்கு எதிரே தெரிந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு நீந்திவிடலாம் என்றுதான் புத்தி போனது.

அப்போதுதான் ஒகேனக்கல் பரிசல் மாமா ஞாபகத்துக்கு வந்தார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது சொன்னது: "பரிசல் கவுந்தா பரிசலைப் புடிச்சிக்க கண்ணு. அது மெதக்கும், நீ மெதக்க மாட்ட." காற்றடைத்த பட்டமும் அப்படித்தான். அலைக்கு நடுவே ஒற்றைத் தலை யார் கண்ணிலும் படாது, பட்டம் படும். மாமா, நீந்தாமல் இருந்தது உங்களால்.

அடுத்த நன்றி பயிற்சி கொடுத்த அக்காவுக்கு. இடுப்பளவு தண்ணீரில் மூன்று முறை கயிறு சுற்ற வைத்தார். பறக்கத்தானே பணம் கட்டினேன் என்று முணுமுணுத்தேன், மன்னியுங்கள். அன்றைக்குக் கை தானாக வேலை செய்தது. இடுப்புப் பட்டையில் மாட்டியிருந்த அவசர விடுவிப்பைத் தள்ளினேன். இழுவை நின்று, பட்டம் ஒரே ஒரு பாதுகாப்புக் கயிற்றில் கிடந்தது. அந்த ஒன்றை மட்டும் முதலில் கம்பியில் பத்துச் சுற்று சுற்றி முடிச்சிட வேண்டும். அவசரப்பட்டு எல்லாக் கயிற்றையும் சேர்த்துச் சுற்றினால் பட்டம் மறுபடி காற்றைப் பிடித்து ஆளை இழுத்துவிடும். பிறகுதான் மீதிக் கயிறுகளைச் சுற்ற வேண்டும், இருபது மீட்டருக்கு மேல். கையில் மட்டும் சுற்றவே கூடாது, விரல் போய்விடும். பட்டத்தை எட்டியதும் அதன் முன்விளிம்புக் குழாயில் அடைத்த காற்றைத் திறந்துவிடாமல் அதன்மேல் சாய்ந்து, முனைகளை வளைத்துப் படகின் பாய்போலப் பிடித்தேன். காற்று கரைப்பக்கமாகச் சாய்ந்து அடித்ததால் கொண்டுவந்து சேர்த்தது. கடல்பக்கம் அடிக்கும் காற்றில் இந்த வித்தை பலிக்காது. அந்த மாதிரி நாளில் இறங்கவே கூடாது.

பாதி வழியில் நாட்டுப் படகு அண்ணன்கள் வந்தார்கள். "என்னாச்சு" என்று கேட்கவில்லை. தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, "கயிறு எங்க கெடக்கு தம்பி?" என்றார்கள். விசிறியில் கயிறு சுற்றினால் படகும் போச்சு, நானும் போச்சு. வலையோடு வாழ்கிறவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றிய கம்பியைத் தூக்கிக் காட்டிய பிறகே கிட்டே வந்தார்கள். மிதந்து போன பலகையையும் எடுத்து வந்திருந்தார்கள். காசு வாங்கவில்லை.

நீச்சல் பழகச் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்ட சித்தப்பாவுக்கும் நன்றி. அன்று அழுததற்கு இன்று கணக்குத் தீர்ந்தது.

அம்மா, உன்னிடம் சொல்லாதது தப்புதான். ஆடிப்பெருக்குக்கு வருகிறேன், நேரில் திட்டிக்கொள். மாமாவுக்கு ஒரு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆற்றில் வெள்ளம் கூடிப் பரிசலை நிறுத்தியிருந்தால் ரொம்ப நல்லது, அவர் உட்கார்ந்து பேசுவார்.