கறுப்பாகத் தெரியாது, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) பற்றிய கட்டுரை படித்தேன். எழுதியிருந்தவை சரி, கூடவே போட்டிருந்த படம்தான் என்னை எழுத வைத்தது. நடுவில் தெரு, சுற்றிலும் கன்னங்கரேலென்று இருட்டு. நோயாளிக்கு உலகம் இப்படித் தெரியும் என்று கீழே ஒரு வரி. அப்படித் தெரியாது, ஐயா. அம்பாசமுத்திரத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இந்த நோயோடு கடைக்கு வந்தவர்கள் யாரும் கறுப்பாகத் தெரிகிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சென்ற பிசான நெல் பருவத்தின்போது வீரவநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, கண்ணாடி நம்பர் மாறியிருக்கும், பாருங்கள்" என்றார். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் வாசித்தார். பிறகு என்ன குறை? கன்னடியன் கால்வாய்க் கரையில் சைக்கிளில் வரும்போது ஆடும் மாடும் திடீரென்று குறுக்கே முளைத்துவிடுகின்றனவாம். "பாதை காலியாகத்தான் கிடந்தது, அண்ணாச்சி" என்று அடித்துச் சொன்னார். அவர் கண்டது அதுதான். பார்வை போன இடத்தை, சுற்றியுள்ள மண்ணையும் புல்லையும் கொண்டு அவர் மூளையே அடைத்துவிட்டது. கண் டாக்டரிடம் அனுப்பினேன். எவ்வளவு பரப்புத் தெரிகிறது என்று அளக்கும் ஃபீல்டு டெஸ்டில் இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை நிறையப் போயிருந்தது.

நோய் இல்லாத கண்ணிலும் இந்த வேலை நடக்கிறது. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் யாருக்கும் பார்வை கிடையாது. பிரெஞ்சுக்காரரான மரியோட் 1660-களிலேயே இதைக் கண்டு சொன்னார். கோடு போட்ட நோட்டில் ஒரே கோட்டின் மேல் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறி, 8 சென்டிமீட்டர் தள்ளி வலப்பக்கம் மிளகளவு ஒரு புள்ளி போடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் பெருக்கல் குறியையே பார்த்தபடி நோட்டை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தூரத்தில் புள்ளி காணாமல் போகும். அந்த இடத்தில் ஓட்டை தெரியாது. கோடு அறுபடாமல் ஓடும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் இதை விரிவாக ஆராய்ந்தவர். 2013-இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், இந்த நோயுள்ள 50 பேரிடம் பல படங்களைக் காட்டி, உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார்கள். கறுப்புக் குழாய்க்குள் பார்ப்பது போன்ற படத்தை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை.

நீங்கள் போட்ட படத்தைப் பார்த்த வாசகர், நோய் இருந்தாலும், "எனக்கு இருட்டு எதுவும் தெரியவில்லையே" என்று நிம்மதியாக இருந்துவிடுவார். ஒரு கண்ணில் குறைந்ததை மறு கண்ணும் ஈடுகட்டும். போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தும் சிகிச்சையும் மிச்சமிருப்பதைத்தான் காக்கும். எனக்கு ஆற்றாமை இதில்தான்.

மார்ச்சில் உலகக் கண் நீர் அழுத்த நோய் வாரம் வருகிறது. அப்போது இந்தப் படத்தை மீண்டும் போடாதீர்கள். பாதை முழுதாகத் தெரிய, அதில் நிற்கும் ஆடு மட்டும் இல்லாத படமாகப் போடுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், அதிலும் பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் உள்ளவர்கள், எழுத்துப் பலகை வாசித்ததோடு நிற்காமல் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று அதன் கீழே கொட்டை எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.