இலவச அனுமதி யாருக்கு இலவசம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கார்பன் சந்தை (இவ்வளவு கரியமில வாயுவை வெளியிடலாம் என்ற அனுமதிகளை ஆலைகள் வாங்கி விற்கும் சந்தை) பற்றிய சென்ற வாரக் கட்டுரையில், 'ஆலைகளுக்கு உமிழ்வு அனுமதி இலவசமாகத் தரப்படுவதால் மக்களுக்குச் சுமை ஏதுமில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வணிகப் பக்கத்தை நம்பிப் படிக்கிற எனக்கு அந்த வரி நெஞ்சில் தைத்துவிட்டது.

2005-இல் ஐரோப்பியக் கார்பன் சந்தை தொடங்கியபோது நடந்தது தாங்கள் அறியாததல்ல. மின் நிறுவனங்கள் ஒரு காசும் கொடுக்காமல் அனுமதிகளைப் பெற்றன. ஆனாலும் அவற்றின் சந்தை விலையை மின்சார விலையில் ஏற்றின. அனுமதியைப் பயன்படுத்தாமல் விற்றிருந்தால் பணம் கிடைத்திருக்குமே என்பது அவர்கள் கணக்கு. பொருளியல்படி அதில் பிழையில்லை. பணம் கட்டியது குடும்பங்கள், லாபம் பார்த்தது நிறுவனங்கள் என்பதுதான் அநியாயம். 2013 முதல் மின் நிறுவனங்கள் பெரும்பாலும் ஏலத்தில்தான் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி மாறியதே, அது ஏன் என்று கட்டுரையாளர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாமா?

நான் ஒரு சிமெண்ட் ஆலையின் கணக்குப் பிரிவில் இருந்தவன். அடிப்படை ஆண்டின் உமிழ்வை வைத்தே அனுமதி என்று தெரிந்ததும், மூட வேண்டிய பழைய சூளையை அந்த ஆண்டு முழுவதும் எரியவிட்டார்கள். அதற்குப் போன நிலக்கரியைப் பதிவேட்டில் ஏற்றியவன் நான். மறு ஆண்டு அந்தப் பத்தி முழுக்க வெறும் கோடுகள். அனுமதிகள் மட்டும் குறையவில்லை. விற்ற பணம் 'இதர வருமானம்' என்ற தலைப்பில் வரவு வைக்கப்பட்டது.

புவியைக் கடுமையாகச் சூடாக்கும் எச்எஃப்சி-23 என்ற வாயுவின் விவகாரத்திலும் இதே கதைதான். அந்த வாயுவை அழித்தால் கிரெடிட், அதாவது அனுமதிக்கு ஈடாக விற்கக்கூடிய சான்று, என்றதும், அதைக் கழிவாக உண்டாக்கும் குளிரூட்டிப் பொருள் தயாரிப்பைவிடக் கிரெடிட்டில் லாபம் அதிகம் என்றாகிவிட்டது. 2013-இல் ஐரோப்பா அந்தக் கிரெடிட்டுகளுக்குக் கதவடைத்தது. இதைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தில் பாதியை வெட்டி, என்னைச் சந்தைக்கு எதிரானவனாகக் காட்டித் தலைப்பிட்டீர்கள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. நான் எதிரானவன் அல்லன். அமெரிக்காவில் 1990 சட்டப்படி கந்தக டை ஆக்சைடு உமிழ்வுக்கு வரம்பு விதித்து, உமிழ்வு அனுமதிகளை வாங்கி விற்க விட்டார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைந்த செலவில் உமிழ்வு குறைந்தது. அங்கே வரம்பு கறாரானது, புகைபோக்கிகளில் தொடர் அளவீட்டுக் கருவி இருந்தது. ஐரோப்பாவிலோ முதல் கட்டத்தில் தேவைக்கு மேல் அனுமதிகளை வாரி வழங்கினார்கள். 2007 முடிவில் விலை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்தது.

தாங்கள் வெளியிடும் கார்பன் விலைப் பட்டியலில், ஏலம் விட்ட அனுமதி எவ்வளவு, இலவசமாகக் கொடுத்தது எவ்வளவு என்று இரண்டு கட்டங்கள் சேர்க்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தையாவது வெட்டாமல் வெளியிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கணக்காளர்