அப்பாவுக்கு ஊட்டுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நேற்று போனில், "தீபாவளி லீவு முழுக்க அப்பாவுக்கு நானே ஊட்டிவிடுறேன், நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்கம்மா" என்றாய். மனசு நிறைந்துபோனது. ஆனால் கையோடு, "வந்ததும் அப்பாவைக் காரில் கூட்டிப்போய் பினாங்கு ரோட்டில் ஒரு செண்டோல் வாங்கித் தருறேன்" என்றும் சொன்னாய். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். ஜொகூரிலிருந்து கிளம்புவதற்கு முன் நிதானமாகப் படி.

செண்டோல் கிண்ணத்தில் என்னவெல்லாம் இருக்கிறது, யோசித்துப் பார். உருகிக்கொண்டே இருக்கிற ஐஸ், தண்ணீராக ஓடும் தேங்காய்ப்பால், வழுக்கிக்கொண்டு போகும் பச்சை ஜெலி, தோலோடு சிவப்பு பீன்ஸ். வாயில் போட்டதும் பால் முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடிவிடும், பீன்ஸ் மெல்லுவதற்காகப் பின்தங்கி நிற்கும். நமக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஸ்ட்ரோக் வந்த அப்பாவின் தொண்டைக்கு அதைவிடக் கஷ்டமான சாப்பாடு கிடையாது. ரசத்தில் மிதக்கும் சோறு, பாலில் ஊறிய பிஸ்கட், நீர் பிரிந்து நிற்கும் கஞ்சி எல்லாம் அதே வகைதான்.

விழுங்குவதை நாம் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. ஆனால் 25-க்கு மேற்பட்ட ஜோடித் தசைகளும், மூளையிலிருந்து நேரே இறங்கும் 5 ஜோடி நரம்புகளும் சேர்ந்தால்தான் ஒரு வாய் சோறு உள்ளே போகும். தொண்டையில் மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் கொஞ்ச தூரம் ஒரே வழி. அதற்குக் கீழே மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் பின்னால். நாக்கு உணவைத் திரட்டி, அண்ணத்தோடு அழுத்திப் பின்னால் தள்ளும் வரைதான் நம் இஷ்டம். அதற்குப் பிறகு மூளைத்தண்டு பார்த்துக்கொள்கிறது. உள்நாக்குப் பக்கத்து மெல்லண்ணம் எழும்பி மூக்கு வழியை அடைக்கும். மூச்சு நிற்கும். குரல்நாண்கள் இறுக மூடும். தொண்டைச் சங்கு மேலேயும் முன்னாலும் எழும்பும், குரல்வளை மூடி சாய்ந்து கொள்ளும், உணவுக்குழாயின் வாய் திறக்கும். எல்லாம் ஏறக்குறைய 1 விநாடிக்குள். அப்புறம் சுமார் 25 செ.மீ. நீளக் குழாய் அதை மெல்ல வயிற்றுக்கு இறக்கிவிடும்.

ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து அப்பாவுக்கு இந்த வேலை தாமதமாகத்தான் தொடங்குகிறது. ரயில் போன பிறகு கேட் மூடுகிற மாதிரி. இதில் தண்ணீர்தான் ரொம்ப ஆபத்து. "தண்ணிதானே, ஒரு மடக்குக் குடிக்கட்டுமே" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். சோறு மெதுவாக நகரும், தொண்டைக்குத் தயாராக நேரம் கொடுக்கும். தண்ணீர் யாருக்கும் காத்திருக்காது.

நம் வீட்டில் யாருக்காவது புரையேறினால் தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்போம். இருமல் வந்தால் எனக்கும் பயமில்லை. உடம்பு தன்னைக் காத்துக்கொள்கிறது என்று அர்த்தம். இருமலே வராமல் உள்ளே இறங்குவதைத்தான் பயப்படவேண்டும். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு பேரியம் கலந்த பானம் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் பார்த்தேன். திரையில் அந்தப் பானம் கறுப்பாக நாக்கின் பின்னால் போய் ஒரு கணம் தேங்கி நின்றது. பிறகு அதிலிருந்து நூல் மாதிரி ஒரு கோடு முன்பக்கமாக, மூச்சுக்குழாய்க்குள் வழிந்தது. அப்பா இருமவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. ஸ்பீச் தெரபிஸ்ட் படத்தை நிறுத்தி விரலால் காட்டியபோதுதான், அவருக்கு ஏன் திரும்பத் திரும்பக் காய்ச்சலும் சளியும் வந்தது என்று புரிந்தது. இப்படி இறங்குவது பெரும்பாலும் வலது நுரையீரலுக்குத்தான் போகுமாம், அந்தப் பக்கக் குழாய் அகலமாகவும் நேராகவும் இருப்பதால். வாயில் உள்ள கிருமியும் சேர்ந்து போனால் நிமோனியா. அதனால் சாப்பிட்டதும் பல், நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் சுத்தம் செய்யவேண்டும். கட்டுப்பல்லை இரவில் கழற்றிக் கழுவி வைக்கவேண்டும். இதை நீ மறக்கவே கூடாது.

இனி ஊட்டும் விதம். கிண்ணத்தைப் பார்த்து ஊட்டாதே, கழுத்தைப் பார்த்து ஊட்டு. டீஸ்பூனில் பாதி எடு. அவர் கண் மட்டத்துக்கு நீயும் உட்கார்ந்துகொள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்துதான் வாங்குவார். ஸ்பூனை நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி வை, உதட்டை அவரே மூடட்டும். சங்கு எழும்பி இறங்கும், அது கண்ணுக்குத் தெரியும். இறங்கிய பிறகும் காத்திரு. வெறும் வாயாக இன்னொரு முறை விழுங்கச் சொல். பிறகு "ஆ" என்று குரல் கொடுக்கச் சொல். குரல் தெளிவாக இருந்தால் அடுத்த ஸ்பூன். கொழகொழவென்று ஈரமாகக் கேட்டால் நிறுத்து, இருமச் சொல். இடது கன்னத்தைப் பார்த்துக்கொள், அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவு என்பதால் சோறு ஒதுங்கியிருப்பது அவருக்கே தெரியாது. அரை மணி நேரத்தில் அவர் களைத்துவிடுவார். மீதி இருந்தால் இருக்கட்டும், பிறகு கொடுக்கலாம். தூக்கக் கலக்கத்தில் ஊட்டவே கூடாது. மின்னல் எஃப்எம் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடு, பாட்டு கேட்டால் கூடவே பாட வாயைத் திறப்பார். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

உனக்குத் தெரியும், அப்பா காலமெல்லாம் டம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்தவர். இப்போது அதே பழக்கம்தான் அவருக்கு எதிரி. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சு வழி திறந்துகொள்ளும். மோவாயைக் கீழே இறக்கிக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது அவருக்கு ஒத்துவருகிறது என்று வீடியோவில் பார்த்துச் சொன்னது, எல்லாருக்கும் பொருந்தாது. வாய் அகன்ற கப்பில் கொடு.

பானத்தின் கெட்டிக்கும் சாப்பாட்டின் பதத்துக்கும் உலகம் முழுக்க ஒரே அளவுகோல் வைத்திருக்கிறார்கள், ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று பெயர், 0 முதல் 7 வரை. அப்பாவுக்குப் பானம் 2, சாப்பாடு 5. சமையலறை மேசையில் 10 மி.லி. சிரிஞ்ச் வைத்திருக்கிறேன். நுனியை விரலால் அடைத்து, கெட்டியாக்கும் பவுடர் கலந்த மைலோவை 10 வரை ஊற்று. விரலை எடுத்து 10 விநாடி விடு. மீதி 4-க்கும் 8-க்கும் நடுவில் நின்றால் சரி. பால் கலந்தவை கெட்டியாக நேரம் பிடிக்கும், அவசரப்பட்டு இன்னும் பவுடர் போடாதே. சாப்பாட்டில் துண்டு 4 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது, முள்கரண்டியின் இரண்டு பல்லுக்கு இடையில் உள்ள இடைவெளி அளவுதான். ஈரமாக இருக்கவேண்டும், ஆனால் தண்ணீர் பிரியக்கூடாது. ரொட்டி சானாய் வேண்டாம். மாத்திரையை நீயாகப் பொடிக்காதே, சிலவற்றைப் பொடித்தால் மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும். எதைப் பொடிக்கலாம் என்று ஃபார்மசியில் கேட்டு டப்பாவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கெட்டியான தேத்தண்ணி அவருக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கமாட்டேன். பிடிக்காததால் குறைவாகக் குடிக்கிறார், சிறுநீர் மஞ்சளாகிறது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கேட்டுக் கொடு.

பருப்பு, கீரை, மீன்கறி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்துவிடாதே. தனித்தனியாக மசித்து, தட்டில் தனித்தனியாக வை. எது முதலில் வேண்டும் என்று அவரிடம் கேள். கண்ணாலேயே காட்டுவார். ஸ்பூனை அவர் கையில் கொடுத்து உன் கையை அடியில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கை எழும்பும்போதே தொண்டையும் தயாராகிறது. "வாயைத் திற, சமத்து" என்று குழந்தையிடம் பேசுவது போலப் பேசாதே. உனக்கு உருண்டை பிடித்து ஊட்டிய கை அது. அவர் முன்னால் அவரைப் பற்றி என்னிடமும் பேசாதே.

சித்தி தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் தீர்த்தம் கொண்டுவருவார். வாங்கி அப்பா நெற்றியில் தொட்டு வை, வாயில் ஊற்ற விடாதே. பக்குவமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

ஒருவேளை அடைத்துக்கொண்டு இருமவும் பேசவும் முடியாமல் போனால், முன்னால் சாய்த்து தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 முறை ஓங்கித் தட்டு. போகவில்லை என்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே 5 முறை உள்ளேயும் மேலேயுமாக அழுத்து. யாரையாவது 999-க்கு அழைக்கச் சொல். இருமிக்கொண்டிருந்தால் மட்டும் இருமவே விடு, தண்ணீர் கொடுக்காதே.

மூக்கில் டியூப் போட்டிருந்த மனிதர் இன்று ஸ்பூனில் சாப்பிடுகிறார், தம்பி. நாக்கை அழுத்தும் பயிற்சி, பலமாக விழுங்கும் பயிற்சி இரண்டையும் தினமும் செய்கிறார். தீபாவளி கழிந்து மறுபடி பரிசோதனை இருக்கிறது. அதில் அவர்கள் தளர்த்தினால் தளர்த்தலாம், அதுவரை நாமாக எதையும் மாற்றவேண்டாம். தீபாவளியன்று பாசிப்பருப்புப் பாயசத்தை மசித்து வடிகட்டி அப்பாவுக்குத் தனியாக எடுத்து வைப்பேன்.

பவுடர் டின் தீரப்போகிறது. வரும் வழியில் ஃபார்மசியில் ஒன்று வாங்கி வா. மாவுச்சத்தில் செய்தது வேண்டாம், எச்சில் பட்டதும் நீர்த்துப்போகிறது. சாந்தன் கம் (xanthan gum) என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அம்மா