தொட்டி வருமுன் பலகை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்காபரோவில் 26 வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை தமிழ்க்கடைக்குப் போனால் உங்கள் பத்திரிகையை எடுக்காமல் வீடு திரும்பமாட்டேன். கூரை போடுபவர்கள், பேஸ்மென்ற் கட்டுபவர்கள், குப்பைத் தொட்டி வாடகைக்கு விடுபவர்கள் என்று பக்கம் பக்கமாக அதில் விளம்பரம் வருகிறது. அந்தத் தொட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எங்கள் ஆட்கள் ‘பின்’ என்று சொல்லுவார்களே, ட்ரக்கில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போகும் பெரிய இரும்புத் தொட்டி, அதுதான்.

2024 மே மாதம் எங்கள் ட்ரைவ்வேக்கு, அதாவது வீதியில் இருந்து வீட்டு வாசலுக்குக் கார் வரும் பாதைக்கு, புதுத் தார் போட்டோம். பழையது வெடித்து, வெடிப்புக்குள் புல் முளைத்துக் கிடந்தது. அம்மாவுக்கு 84 வயது. வோக்கர் பிடித்துத்தான் நடப்பார். வாசலில் இருந்து காருக்குப் போகும் அந்த இருபது அடி அவருக்குச் சமமாக இருக்கவேண்டும் என்பதற்காகவே அவ்வளவு காசைச் செலவழித்தோம். வேலை முடித்துப் போகும்போது தார் போட்டவர் தெளிவாகச் சொன்னார். சில நாளைக்குக் கார் ஏற்ற வேண்டாம், நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டாம், இந்தக் கோடை முழுக்க ஏணிக்கால்கூட ஊன்ற வேண்டாம், தார் இறுக ஒரு வருடமாவது எடுக்கும் என்றார். சொன்னபடியே நடந்தோம்.

ஜூலையில் மேல்மாடி அறைக்குள் கூரை ஒழுகத் தொடங்கியது. கூரை வேலைக்கு வந்தவர்களே தொட்டிக்கும் சொல்லிவிட்டார்கள். வீதியில் வைப்பதென்றால் நகரசபையின் அனுமதி எடுக்கவேண்டும், ட்ரைவ்வேயில் வைத்தால் அந்தக் கரைச்சல் இல்லை என்றார்கள். சரி என்றேன். கூரையை முதலில் செய்து, எல்லா ட்ரக்கும் வந்துபோன பிறகு கடைசியாகத் தார் போட்டிருக்கவேண்டும். வீட்டு வேலைகளைத் திட்டமிடுகிறவர்கள் இந்த ஒழுங்கை மட்டுமாவது மனதில் வைத்திருங்கள்.

தொட்டி வந்த அன்று நான் வாசலில்தான் நின்றேன். ட்ரக் பின்பக்கமாக உள்ளே வந்தது. சாரதி எங்கள் தமிழ்ப் பிள்ளைதான். “தம்பி, கீழே பலகை ஏதும் போடுறதில்லையோ?” என்று கேட்டேன். “ஒண்டும் தேவையில்லை அன்ரி, எல்லா வீட்டிலையும் இப்பிடித்தான் வைக்கிறது” என்றார். நானும் பேசாமல் விட்டுவிட்டேன்.

அன்று பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். ட்ரக்கின் தட்டு முன்பக்கம் உயர, தொட்டி சரிந்து பின்னால் இறங்கியது. முதலில் நிலத்தில் பட்டவை அதன் பின்மூலைகளில் இருந்த இரண்டு இரும்புச் சில்லுகள். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ரப்பர் இல்லை, வெறும் இரும்பு. பின்முனையின் பாரம் முழுவதும் அந்த இரண்டு சில்லிலும் நின்றது. ட்ரக் மெதுவாக முன்னால் நகர, முன்முனையும் நிலத்துக்கு வந்தது. வெறும் தொட்டி என்பதால் அன்று இரண்டு கோடுகள் மட்டும் விழுந்தன. வெயில் பட்டால் சரிவந்துவிடும் என்று நினைத்தேன்.

கேடு நடந்தது நிரம்பிய தொட்டியை எடுத்த அன்று. எங்கள் கூரை 20 ஸ்கொயர். ஒரு ஸ்கொயர் என்றால் 100 சதுர அடி. கூரைக்கு மேல் அடிக்கும் தார்த் தகட்டைத்தான் ஷிங்கிள் என்பது. பழைய ஷிங்கிள் ஒரு ஸ்கொயர் 200 இறாத்தலுக்கு மேல் வரும். எங்கள் கூரையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இருந்தது. ஷிங்கிள் மட்டுமே 8,000 இறாத்தலைத் தாண்டியிருக்கும். அதற்கு மேல் தொட்டியின் சொந்தப் பாரம் வேறு. எடுக்க வந்தது பிற்பகல் மூன்று மணிக்கு, நல்ல வெயிலில். அந்த நேரம் கறுப்புத் தார் கால் வைக்க முடியாத சூடு, மெழுகுபோல இளகியிருக்கும். முன்முனையைத் தூக்கியதும் பின்சில்லுகள் இரண்டும் தாருக்குள் இறங்கின. ட்ரக் இழுக்க இழுக்க அவை உழுதுகொண்டு போயின. ட்ரக் போனபின் பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். நடுவிரல் இரண்டாவது மூட்டுவரை போனது. அடியில் சரளைக்கல் தட்டுப்பட்டது.

தொட்டி நிறுவனத்துக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். நான் கையெழுத்து வைத்த ஒப்பந்தத்தில், ட்ரைவ்வேக்கு வரும் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று இருக்கிறதாம். இருக்கிறதுதான். மகளின் ஃபோனில் விரலால் கீறிய கையெழுத்து அது. மேலே இருந்த எழுத்தை நானும் வாசிக்கவில்லை, மகளும் வாசிக்கவில்லை. அநேகமாக எல்லாரும் இப்படி ஒரு வரி வைத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன்.

தார் போட்டவரைத் திரும்பக் கூப்பிட்டேன். மேலோட்டமான தடம் என்றால் சூடாக்கி அழுத்திவிடலாம், இது கல்வரை போய்விட்டது, சதுரமாக வெட்டி எடுத்துத் திரும்பப் போடவேண்டும், ஒட்டுப்போட்ட இடம் என்றைக்கும் தெரியும் என்றார். கோடையில் கதவைத் தட்டி சீலர் பூசித் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் ஏமாறாதீர்கள். சீலர் என்பது தாருக்கு மேல் பூசும் மெல்லிய பூச்சு. பூசினால் கறுப்பு நிறம் வரும், பள்ளம் நிரம்பாது.

உடனே வெட்டிப்போடக் கையில் காசு இருக்கவில்லை. மாரி வந்தது. பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் உறைந்து, உறைந்த தண்ணீர் பெருத்து, ஓரங்களை மேலும் வெடிக்க வைத்தது. ஜனவரியில் ஒருநாள் டொக்டரிடம் போக வெளிக்கிட்டபோது அம்மாவின் வோக்கர்ச் சில்லு அதற்குள் இறங்கிச் சறுக்கியது. நான் பக்கத்தில் நின்றதால் பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த மாரி முழுக்க அம்மா கோவிலுக்குப் போக மறுத்துவிட்டார்.

என் கணவர் பல வருடம் ட்ரக் ஓட்டியவர். தொட்டி வந்த நாட்களில் இரவு வேலை முடித்துப் பகலில் நித்திரை. பிறகு அவர் சொன்ன ஒன்று எனக்கு உறைத்தது. மார்ச், ஏப்ரலில் ஒன்ராரியோவின் பல வீதிகளில் ‘ஹாஃப் லோட்’ என்று பலகை வைத்து, ட்ரக்குகளின் பாரத்தைக் குறைக்கச் சொல்கிறது அரசாங்கம். பனி கரைந்து நிலம் சேறாகும்போது வீதியே தாங்காது. எங்கள் ட்ரைவ்வேயில் இருப்பதோ சரளைக்கு மேல் இரண்டு மூன்று அங்குலத் தார். ஆகவே கொதிக்கும் வெயிலும் கூடாது, பனி கரையும் காலமும் கூடாது. உங்களால் நாளைத் தெரிவு செய்ய முடிந்தால் செப்டெம்பர், ஒக்ரோபர் நல்லது. கோடைதான் என்றால் வைப்பதையும் எடுப்பதையும் காலை எட்டு மணிக்குக் கேளுங்கள்.

பலகையைப் பற்றி விபரமாக எழுதவேண்டும், ஏனென்றால் போடுகிறவர்களும் பிழையாகப் போடுகிறார்கள். சில்லுக்குக் கீழே ஒரு சிறு துண்டை வைத்தால் போதாது. தொட்டி நகரும்போது சில்லு அந்தத் துண்டைவிட்டு உருண்டு வெளியே போய்விடும். இரண்டு அங்குலத் தடிப்பும் பத்து அல்லது பன்னிரண்டு அங்குல அகலமும் உள்ள நீளப் பலகைகளை, சில்லு ஓடும் இரண்டு கோட்டிலும் ட்ரைவ்வேயின் நீளப்பாட்டுக்குப் போடவேண்டும். தொட்டியின் முன்முனையும் பலகையில்தான் இருக்கவேண்டும். பிளைவூட் என்றால் முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல், இரண்டு தட்டாக. அரை அங்குலம் முறிந்துவிடும். போடமுன் தாரைக் கூட்டிவிடுங்கள், இடையில் அகப்படும் சிறுகல் தாரைக் குத்தும். இன்ரர்லொக் கல் பதித்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பாரத்தில் ஒரு கல் தாழ்ந்தால் பக்கத்துக் கற்களும் ஆடத் தொடங்கும்.

சிலருடைய ட்ரைவ்வே ஓரத்தில் தண்ணீர் மூடும் வால்வின் இரும்பு மூடி இருக்கும். சில்லோ ட்ரக் டயரோ அதில் ஏறாமல் சாரதிக்கு முதலே காட்டிவிடுங்கள். உடைத்த கொங்கிறீற்றையும் மண்ணையும் பெரிய தொட்டியில் நிரப்பாதீர்கள். ஒரு கன யார் கொங்கிறீற் கிட்டத்தட்ட 4,000 இறாத்தல். அதற்குச் சிறிய தொட்டி தனியாக எடுக்கலாம்.

இந்த ஏப்ரலில் எதிர்வீட்டுக்காரர் பேஸ்மென்ற் உடைத்தார். தொட்டி வருகிறது என்று அறிந்ததும் கணவரும் நானும் எட்டுப் பலகை வாங்கிக்கொண்டு போய், சாரதி வரமுன்பே விரித்துவிட்டோம். நிரம்பிய தொட்டி போன பிறகு ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தேன். மரத்தில் அரை அங்குல ஆழத்துக்குச் சில்லின் தடம் பதிந்திருந்தது. கீழே தாரில் ஒரு கீறலும் இல்லை.

உங்கள் பத்திரிகையில் விளம்பரம் செய்கிற தொட்டிக்காரர்களிடம் நான் கேட்பது ஒரேயொரு வரி: “பலகை நாங்கள் கொண்டுவருவோம்” என்று விளம்பரத்தில் போடுங்கள். அந்த வரி உள்ளவரைத்தான் நான் கூப்பிடுவேன், தெரிந்தவர்களுக்கும் சொல்லுவேன். கூரைக்காரர்களும், தொட்டிக்குச் சொல்லமுன் வீட்டுக்காரரிடம் தார் எப்போது போட்டது என்று கேளுங்கள். எங்கள் பெற்றோருக்கு அந்த ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக் காட்டக்கூடிய பிள்ளைகள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கையெழுத்துக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

எட்டுப் பலகையும் எங்கள் கராஜில் சுவரோடு சாத்தி இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் யாருக்கும் தேவையென்றால் ஆசிரியர் மூலம் அறிவியுங்கள், வந்து எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
ஸ்காபரோ