செங்கோட்டைச் சேக்காளிக்கு, கேட்ச் கேன் விஷயமாக

தச்சநல்லூர்,
திருநெல்வேலி.

அன்புள்ள சேக்காளிக்கு,

உம் கடிதம் கிடைத்தது. போனில் "சொல்லும் வே, வையும் வே" என்பதற்கு மேல் பேசாத மனுஷர், காகிதம் என்றால் நாலு பக்கம் எழுதிவிடுகிறீர். பேட்டை ஐடிஐயில் ரிக்கார்டு நோட்டு எழுத மட்டும் அந்தக் கை வராமல் போனது எப்படி என்று தெரியவில்லை.

இங்கே எல்லாரும் சுகம். ஆனித் தேர் முடிந்து ரத வீதி இப்போதுதான் காலியாகியிருக்கிறது. சின்னவளுக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை கிடைத்து, காலையில் கம்பெனி வண்டியில் போய் வருகிறாள். எனக்கு முழங்கால் வலிதான். பட்டறைக் குழிக்குள் இறங்கி வேலை பார்ப்பதைப் பையன்களிடம் விட்டுவிட்டேன். உங்கள் பக்கம் சாரல் இறங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர். எங்களுக்கு அந்தக் காற்று மட்டும்தான் வருகிறது, கூடவே கண் நிறையப் புழுதி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உம் மூத்தவன் போனில் எதையோ பார்த்துவிட்டு, லாரிக்குக் "கேட்ச் கேன் போட்டால் ஆயில் குறையாது, இன்டர்கூலர் சுத்தமாக இருக்கும்" என்கிறான், எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர். கேட்ச் கேன் என்பது எஞ்சின் விடும் மூச்சுக் காற்றோடு வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பா. இன்டர்கூலர், டர்போ அழுத்தி எஞ்சினுக்குத் தள்ளும் சூடான காற்றை ஆற்றும் ரேடியேட்டர். அவன் சொன்னதில் இரண்டாவது சரி, முதலாவது தப்பு. சம்பிலிருந்து, அதாவது எஞ்சினின் அடித்தொட்டியிலிருந்து, பிரீதர் என்ற மூச்சுக் குழாய் வழியாக வெளியேறும் ஆயில் கேன் போட்டாலும் வெளியேறத்தான் செய்யும். டர்போவுக்குள் போவது டப்பாவுக்குள் போகும், அவ்வளவுதான். டாப்அப் செலவு மிச்சம் என்று கணக்குப் போட வேண்டாம்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்றை நம் ஆட்கள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். புது எஞ்சினிலும் அது கொஞ்சம் இருக்கும். அந்தக் காற்றோடு ஆயில் பனி, கரி, எரியாத டீசல், நீராவி எல்லாம் கலந்து வரும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும், மிச்சத்தில் ஒரு துளிப் பங்கு ரிங்கைத் தாண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் பிரீதர் குழாய் நேராக ரோட்டைப் பார்த்துத் தொங்கும், வண்டி நின்ற இடமெல்லாம் கறுப்புப் பொட்டு விழும். பிறகு அதை ஏர் பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் கொண்டுபோய்ச் சொருகினார்கள். புகை ரோட்டுக்கு வராது, ஆனால் ஆயில் டர்போ வழியாக இன்டர்கூலருக்குள் போய்ப் படியும். ஆயில் பூசிய இன்டர்கூலர் சூட்டைச் சரியாகக் கடத்தாது. எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் உள்ள எஞ்சினில் அதன் கரியும் சேர்ந்து, எஞ்சினுக்குக் காற்று பிரிந்து போகும் இன்லெட் மேனிபோல்டுக்குள் தார் மாதிரிக் கட்டிக்கொள்ளும்.

அதனால் கடைக்குப் போகும் முன் உம் பிரீதர் குழாய் எங்கே போகிறது என்று முதலில் பாரும். ரோட்டுக்குத் தொங்கினால் இன்டர்கூலருக்காகக் கேன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. டர்போவுக்கு முன்னால் சேர்கிறது என்றால் மேற்கொண்டு வாசியும்.

அடுத்து, அந்த ஆயில் பிரீதரிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிரீதர் ஓஸ் சேரும் இடத்துக்கு முன்பே, ஏர் பில்டர் பக்கம், குழாய் காய்ந்திருக்கும். சேரும் இடத்திலிருந்து டர்போ வாய் வரை ஈரம் என்றால் பிரீதர் ஆயில். அங்கே லேசான ஈரம்தான், ஆனால் டர்போவைத் தாண்டியதும் ஆயில் வழிகிறது என்றால் டர்போ சீலைச் சந்தேகப்படும். கேன் அதற்கு மருந்தில்லை. ஆலங்குளத்துக் குவாரியில் எம்சாண்ட் ஏற்றும் வண்டி உம்முடையது. அந்தக் கிரஷர் தூசி ஏர் பில்டரை அடைத்தால் டர்போவின் வாயில் இழுப்பு கூடி, பிரீதரிலிருந்தும் சீலிலிருந்தும் ஆயிலைக் கூடுதலாக இழுக்கும். பில்டரைத் தாண்டித் தூசி உள்ளே போனால் லைனரையும் ரிங்கையும் தேய்த்துவிடும், பேக் கம்ப்ரஷன் ஏறும். கேன் விலையில் பாதியை முதலில் நல்ல பில்டருக்கும் அதன் ஓஸ் கிளிப்புகளுக்கும் செலவழிக்கச் சொல்வேன். மூத்தவனுக்கு இது பிடிக்காது. பில்டரைக் கழற்றிக் கூட்டாளிகளிடம் காட்ட முடியாதே.

ரிங் எப்படி இருக்கிறது என்று தெரிய ஆயில் மூடியைத் திறந்து புகை பார்க்கும் வழக்கம் உமக்குத் தெரியும். அது பழக்கப்பட்ட கண்ணுக்குத்தான் சரி. அளந்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கொத்தனார் மட்டம் பார்க்கும், உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறதல்லவா, அதில் ஒரு துண்டை வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதி அளவு தண்ணீர் ஊற்றும். ஒரு முனையை, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியின் துளையில் காற்றுப் புகாமல் மாட்டி, மறுமுனையைத் திறந்து வையும். எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் பாரும், ஆக்சிலேட்டர் கொடுத்துப் பாரும். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளும். இந்த எஞ்சினுக்கு இவ்வளவுதான் இருக்கலாம் என்பது சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் கேன் பேச்சை விட்டுவிட்டு எஞ்சினைப் பிரிக்கிற பேச்சைத் தொடங்க வேண்டும். கேன் மாட்டிய பிறகும் இதே குழாயை வைத்துப் பாரும். உயரம் முன்னைவிடக் கூடியிருந்தால் கேன் மூச்சை அடைக்கிறது என்று அர்த்தம். அப்படி அடைத்தால் கிராங்க் சீல் கசியும், டர்போவிலிருந்து சம்புக்கு இறங்க வேண்டிய ஆயில் இறங்காமல் டர்போ சீல் வழியே பிதுங்கும். எதைத் தடுக்கக் காசு செலவழித்தோமோ அதையே செலவழித்து வரவழைத்த கதையாகிவிடும்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, எஞ்சின் நன்றாக இருக்கிறது, கேன் போடத்தான் வேண்டும் என்றால் எதைப் போடுவது?

மூத்தவன் அனுப்பிய படங்களில் பளபளவென்று சிவப்பும் நீலமுமாக இருப்பதில் பல, பெட்ரோல் கார் எஞ்சினுக்குச் செய்தவை. வாய் சின்னது. உம் பிரீதர் ஓஸின் உள்வாயை அளந்து பாரும். கேனின் இரண்டு வாயும் அதைவிடச் சின்னதாக இருக்கவே கூடாது. பெட்ரோல் கேனில் சிலதில் உள்ளே வால்வு வைத்திருப்பார்கள், காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டுக்குப் பின்னால் இருக்கும் வலுவான இழுப்புக்காக. டீசலில் அந்த இழுப்பு கிடையாது, அந்த வால்வு நமக்குத் தொந்தரவுதான்.

கேனுக்குள் என்ன இருக்கிறது என்று மூடியைக் கழற்றிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். வெறும் டப்பாவாக இருந்தால் பெரிய துளிகள்தான் கீழே விழும். ஆயில் பனியின் துளிகள் ஒரு மைக்ரான் அளவுக்கும் கீழே போகும், அவை காற்றோடு வளைந்து வளைந்து வெளியே போய்விடும். இட்லிச் சட்டி மூடியில் ஆவி முட்டித் துளியாகச் சொட்டுகிறதே, அது மாதிரி முட்டிச் சேர உள்ளே பரப்பு வேண்டும். தடுப்புத் தகடும் நெருக்கமான கம்பி வலையும் இருந்தால் பரவாயில்லை ரகம். நுண் இழை பில்டர் வைத்தது நல்ல ரகம். மான் ஹம்மல் என்ற ஜெர்மன் கம்பெனி புரோவென்ட் என்ற பெயரில் இந்த இழை ரகத்தைச் செய்கிறது. 100, 150, 200, 400 என்று பெயரில் வரும் எண்கள் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் காற்றைத் தாங்கும் என்பதைச் சொல்லும். பில்டர் அடைத்துக்கொண்டால் அழுத்தத்தைத் திறந்துவிட அதில் ஒரு வால்வும் உண்டு. ஆள் பில்டரை மாற்ற மறந்தால் அதுதான் காப்பாற்றும். அலங்காரக் கேனில் அதெல்லாம் கிடையாது.

ஆனால் எது வாங்கினாலும் அதைக் காலி செய்யப் போவது யார் என்பதுதான் என் முதல் கேள்வி. நீர் வண்டியில் போவதில்லை. டிரைவர்தான் செய்ய வேண்டும். கேன் கேபினுக்குக் கீழே எஞ்சின் மேல் இருந்தால், கேபினைக் கவிழ்த்தால்தான் திருகு கைக்கு எட்டும். லோடு வண்டிக் கேபினை யார் கவிழ்ப்பார்? ஸ்டவ், போர்வை, தண்ணீர்க் கேன், சாமி படம் என்று குடும்பமே உள்ளே இருக்கிறது. ஒரு மாதம் ஒருவரும் தொட மாட்டார்கள். கேன் நிறைந்து வழிந்தால் சேர்ந்த ஆயில் மொத்தமும் ஒரே மூச்சில் டர்போவுக்குள் போகும். டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு ஓடத் தொடங்கினால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் அது பம்பு கொடுக்கும் டீசலில் ஓடவில்லை. காற்றை அடைத்துத்தான் நிறுத்த வேண்டும். புளியரை எஸ் வளைவில் லோடோடு அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று உமக்கு நான் சொல்ல வேண்டாம்.

அதனால் நான் சொல்லும் ஏற்பாடு இது. கேனை எஞ்சின் பக்கத்திலேயே வையும், பிரீதரிலிருந்து ஓஸ் கேனை நோக்கிச் சரிந்து இறங்கட்டும், நடுவில் எங்கும் தொய்வு வேண்டாம், தொய்வில் தண்ணீர் தேங்கும். கேனின் அடியிலிருந்து சன்னமான ஓஸ் ஒன்றைச் சேஸ் ஓரமாகக் கீழே இறக்கி, ஏர் டேங்க் பக்கத்தில் ஒரு பால் வால்வில் முடித்துவிடும். பிரேக் ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் திறந்துவிடும் பழக்கம் உம் டிரைவருக்கு ஏற்கனவே இருக்கிறது. அதைத் திறக்கும் கையாலேயே இதையும் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திறந்து ஒரு பாட்டிலில் பிடிக்கட்டும். புதுப் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வால்வின் கைப்பிடி அதிர்வில் தானாகத் திறந்துவிடாத மாதிரி பூட்டு வைத்ததாக வாங்கும். இல்லையென்றால் அந்த வழியாகக் குவாரித் தூசி நேரே உள்ளே ஏறும். கேன் ஒரு லிட்டராவது கொள்ளட்டும்.

ஓஸ் ஆயில் தாங்கும் ஓஸாக இருக்க வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஓஸைச் சூட்டில் மாட்டினால் இளகி உள்ளே சப்பிக்கொள்ளும். பிராக்கெட்டை மெல்லிய தகட்டில் வெல்ட் வைக்க வேண்டாம், நம் ரோட்டு அதிர்வுக்கு விரிசல் விடும். ரப்பர் புஷ் வைத்துப் போல்ட் போடச் சொல்லும். டர்போ, சைலன்சர் பக்கம் நெருங்கவே கூடாது, சொட்டினால் தீ.

கேனிலிருந்து வரும் காற்றைத் திரும்ப இன்டேக்கில் சேர்க்காமல் ரோட்டுக்கு விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். கம்பெனி மூடிக் கொடுத்ததைத் திறந்துவிட்டால் எஃப்சிக்கு, தகுதிச் சான்று வாங்க, போகும்போது வம்பு, பின்னால் வரும் ஸ்கூட்டர்காரனுக்கும் வம்பு. உம் வண்டி பிஎஸ்4 என்ற பழைய புகை விதிப்படி வந்தது என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டி வாங்கினால் இதில் கை வைக்கவே வேண்டாம். அதில் ஆயில் பிரிக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கும், நாம் எதையாவது நடுவில் சொருகினால் வாரண்டியும் போகும்.

மாட்டிய பிறகு பாட்டிலில் வருவது காப்பி நிறத்தில் பால் விட்ட மாதிரி இருந்தால் மூத்தவன் பயந்துவிடப் போகிறான். சாரல் மாதத்தில் புளியரை செக்போஸ்ட் வரிசையில் மணிக்கணக்காக ஐடிலில் நின்றால் எஞ்சின் ஆறி, தண்ணீர் கூடுதலாகச் சேரும். அது சகஜம். ரேடியேட்டர் தண்ணீரும் கூடவே குறைந்தால், டிப்ஸ்டிக்கிலும் அதே பால் நிறம் ஒட்டினால், அப்போது ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இங்கே பட்டறைக்கு வந்த வண்டிகளில் டிப்ஸ்டிக்கை உருவினாலே பால் நிறம்தான். பிடித்த ஆயிலை மறுபடி எஞ்சினில் ஊற்ற வேண்டாம், அதில் தண்ணீரும் டீசலும் அமிலமும் இருக்கிறது. குளத்துக் கரையிலும் கொட்ட வேண்டாம். கழிவு ஆயில் எடுக்க வருபவனிடம் மற்றதோடு சேர்த்துக் கொடுத்துவிடும்.

அப்புறம், ஆவணியில் பேத்திக்குக் காது குத்து. இடம் சொரிமுத்து ஐயனார் கோவில் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பாபநாசம் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள், அதனால் எல்லாரும் ஒரே வேனில் போகலாம் என்றிருக்கிறோம். மதினியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே இங்கே வந்துவிடும். தேதி குறித்ததும் போன் போடுகிறேன். வரும்போது பண்பொழிப் பக்கத்துத் தேங்காய் ஒரு சாக்கு ஏற்றி வர முடியுமா? இங்கே விலை வாயில் வைக்க முடியவில்லை.

பிரீதர் ஓஸின் உள்வாய் அளவையும், கொத்தனார் குழாயில் வந்த உயரத்தையும் மூத்தவனை எனக்கு அனுப்பச் சொல்லும். அளவு வந்த பிறகு எந்தக் கேன் என்று சொல்கிறேன். அதுவரை அவன் போனில் எதையும் புக் செய்யாமல் பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
உம் பழைய பெஞ்சுக்காரன்